பழைய போர் விமானத்தை மலைநாட்டில் வைப்பதென்றால்: அடையாளமும் ஈரமும்

ஊவாக்காற்று:

மலைப்பக்கம் பழைய போர் விமானம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழும். பாடசாலை முற்றம், நகரசபைப் பூங்கா என்று இடம்கூடச் சொல்வார்கள். ஆனால் பேச்செல்லாம் பெயின்ட் நிறத்திலும் தூணின் உயரத்திலுமே நின்றுவிடுகிறது. இரண்டு கேள்விகளுக்கு இங்கே விவரமான பதில் சேரட்டும். நம் முன்னால் நிற்கும் உடல் எந்த விமானம், அதில் எதெல்லாம் மாற்றப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1,200 மீற்றருக்கு மேலே மூடுபனியிலும் மழையிலும் அதை எப்படி அழியாமல் வைப்பது? உதாரணத்துக்கு ஜெட் ப்ரொவோஸ்ட் என்ற பிரித்தானியப் பயிற்சி ஜெட் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை வரலாற்றோடு ஒட்டியது, அளவிலும் சிறியது.

ஏட்டுக்காரன்:

வாலில் எழுதியிருக்கும் எண்ணை நம்பித் தொடங்காதீர்கள். அது பெயின்ட், யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

1951 மார்ச் 2 இல் அரச இலங்கை விமானப்படை உருவானது. சிப்மங்க், பாலியோல் என்ற பயிற்சி விமானங்கள் எல்லாம் அந்தத் தொடக்க காலத்தவை. 1959-60 இல் 12 ஜெட் ப்ரொவோஸ்ட் டி.51 வந்தன, அவற்றுக்கு சி.ஜே. என்று தொடங்கும் 700 வரிசை எண்கள். பிறகு கொஞ்சக் காலம் சேமிப்பில் கிடந்தவை, 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது மறுபடி பறக்கவிடப்பட்டன. அடையாளம் தேடுபவர் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். சேமிப்பில் கிடந்த விமானங்களை அவசரமாக எழுப்பும்போது ஒன்றின் கதவு இன்னொன்றுக்கும், ஒன்றின் வால் இன்னொன்றுக்கும் போவது எந்த நாட்டுப் படையிலும் வழக்கம்.

ஆகவே தேட வேண்டியது தொழிற்சாலை எண்ணை. ஜெட் ப்ரொவோஸ்ட் என்றால் அது பி.ஏ.சி./டபிள்யூ என்று தொடங்கும். சிப்மங்க் என்றால் சி1 என்று தொடங்கி, ஒரு கோடு போட்டு நான்கு இலக்கம் வரும். சிப்மங்க்கில் டி.எச்.பி./எஃப் என்று இன்னொரு எண்ணும் உண்டு. அது உடற்பகுதியின் எண், விமானத்தின் எண் அல்ல. இந்த இரண்டையும் குழப்பியதால் பட்டியல்களில் ஒரே விமானம் இரண்டு விமானமாக ஏறிவிடுவது உண்டு.

தொழிற்சாலை எண் பொறித்த தகடு கழன்றுபோயிருந்தால் அதன் ஆணித் துளைகளைப் படம் எடுத்துவிட்டு மற்றப் பாகங்களுக்குப் போங்கள். சக்கரக் கால், சிறகுப் பொருத்து, சுக்கான், எஞ்சின் தாங்கி எல்லாவற்றிலும் தனித்தனி எண்களும் பரிசோதகர் முத்திரையும் அடித்திருக்கும். எந்தப் பாகத்தில் எந்த எண் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால், உடல் ஒரு விமானம், இடது சிறகு வேறு விமானம் என்பது தானாகவே தெரியவரும்.

மஸ்கெலியா மேகம்:

ஏட்டுக்காரன் அண்ணன், அப்படிக் கலந்துபோன விமானத்துக்கு எந்தப் பெயரைக் கொடுப்பது? மத்திய உடலின் எண்ணையா?

ஏட்டுக்காரன்:

பொதுவாக மத்திய உடற்பகுதியின் எண்ணைத்தான் அடையாளமாகக் கொள்வார்கள். ஆனால் பலகையில் மற்றதையும் எழுத வேண்டும். இங்கிலாந்தில் யோர்க்ஷயர் விமான அருங்காட்சியகத்தில் நிற்கும் ஹாலிஃபக்ஸ் குண்டுவீச்சு விமானத்தைப் பாருங்கள். எச்.ஆர்.792 என்ற விமானத்தின் உடற்பகுதித் துண்டு ஒன்று லூயிஸ் தீவில் கோழிக்கூடாகக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து, ஹேஸ்டிங்ஸ் என்ற வேறு வகை விமானத்தின் சிறகைச் சேர்த்துக் கட்டினார்கள். எது அசல், எது இரவல் என்று அவர்கள் மறைக்கவில்லை. அதனால்தான் அந்த வேலைக்கு மதிப்பு.

எண் மாறிக்கொண்டே போகும் விமானங்களும் உண்டு. போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இந்துஸ்தான் எயர்கிராஃப்ட் நிறுவனம் திருத்தி இந்திய விமானப்படைக்குக் கொடுத்தது. அதில் ஒன்று 1974 இல் இங்கிலாந்தின் அரச விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனது. பிரித்தானிய எண் கே.என்.751, இந்திய எண் எச்.இ.807, இவற்றுக்கு முன்னால் அமெரிக்க எண். மூன்றையும் கோத்துப் பார்க்காவிட்டால் அதன் பயணம் பாதியில் அறுந்துவிடும்.

காகிதப் பக்கம்: பிரித்தானிய விமானப்படையில் இருந்து வந்ததென்றால் அதன் நடமாட்ட அட்டை, படிவம் 78, தேட வேண்டும். எந்த நாளில் எந்த அலகுக்குப் போனது என்று வரி வரியாக இருக்கும். பராமரிப்புப் பதிவேடு படிவம் 700. 1942 ஏப்ரல் 5 இல் கொழும்பைக் காத்த 30, 258 ஆம் ஸ்குவாட்ரன்களின் (விமானப் படைப்பிரிவுகளின்) ஹரிக்கேன் போர் விமானங்கள் போன்றவற்றுக்கு, பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் எயர் 27 என்ற வரிசையில் உள்ள ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள்தான் அடிப்படை. நேரடியாக இலங்கைக்கென்று கட்டப்பட்டவற்றுக்குத் தொழிற்சாலையின் விநியோகப் பட்டியலும் இங்குள்ள பதிவேடுகளும்தான் வழி. இரத்மலானையில் 1993 இல் சேமிப்பு அலகாகத் தொடங்கி, 2009 நவம்பர் 5 இல் திறக்கப்பட்ட விமானப்படை அருங்காட்சியகத்துக்கு முதல் கடிதம் எழுதுங்கள்.

மஸ்கெலியா மேகம்:

மிக் விமானங்களுக்கு?

ஏட்டுக்காரன்:

1971 இல் சோவியத் யூனியன் கொடுத்தது ஐந்து மிக்-17, ஒரு மிக்-15 பயிற்சி விமானம். இந்த வகையில் சிறகுக்குப் பின்னால் உள்ள உடலை அப்படியே கழற்றித்தான் எஞ்சினை மாற்றுவார்கள். ஆகவே முன்பாதியும் பின்பாதியும் வேறு வேறு விமானமாக இருக்க வாய்ப்பு அதிகம். கழற்றக்கூடிய மூடிகளின் உட்பக்கத்தில் தொழிற்சாலை எண்ணின் கடைசி இலக்கங்கள் இருக்கும். இரண்டு பாதியிலும் ஐந்தாறு மூடிகளைத் திறந்து ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். பதிவேட்டை ரஷ்ய மொழியில் ஃபொர்முல்யார் என்பார்கள். விமானத்துக்கு ஒன்று, எஞ்சினுக்குத் தனியாக ஒன்று.

ஹட்டன் பட்டறை:

எண் தேட உள்ளே கை விடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். பழைய போர் விமானத்தில் ஆளைக் கொல்லக்கூடிய சாமான் நிறைய இருக்கிறது.

ஆசனம்: ஜெட் ப்ரொவோஸ்ட்டில் மார்ட்டின்-பேக்கர் வெளியேற்று ஆசனம். அதைத் தூக்கி எறிவது வெடிமருந்துத் தோட்டா. ஆசனத் துப்பாக்கியில் ஒன்றுக்கு மேல், பரசூட்டை இழுக்கும் சிறு துப்பாக்கியில் தனியாக. அறுபது வருஷப் பழசு என்பதால் செத்துப்போயிருக்கும் என்று நினைக்கவே கூடாது. விமானப்படை ஆயுதப் பிரிவு எழுத்தில் சான்று தரும்வரை ஒருவரும் உள்ளே உட்காரக் கூடாது.

தீயணைப்புப் போத்தல்: எஞ்சின் அறையில் இருக்கும். அதைத் திறக்கவும் சிறு வெடி உண்டு, உள்ளே இருப்பது நச்சு வாயு.

அழுத்தம்: சக்கரக் கால்களின் உள்ளே காற்றோ நைதரசனோ அடைத்திருக்கும். அழுத்தத்தை இறக்காமல் நட்டைக் கழற்றினால் அது குண்டு மாதிரிப் பறக்கும். முதலில் விமானத்தை ஜக்கில் ஏற்றி, காலில் பாரமே இல்லாமல் செய்து, வால்வை மெதுவாகத் திறந்து இறக்குங்கள். ஒட்சிசன் சிலிண்டருக்கும் இதே கவனம். அந்தப் பக்கம் கிரீஸ் பட்ட கையோடு போகாதீர்கள். ஒட்சிசனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

கடிகாரங்கள்: அந்தக் காலத்துக் கருவிகளில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் பூசுவார்கள். ஒளி போயிருக்கும், கதிர்வீச்சு போகாது. கண்ணாடி உடைந்த கருவியைத் தொடாமல் அறையைப் பூட்டிவிட்டு, 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைக்கு அறிவியுங்கள். முழுசாக இருக்கும் கருவியையும் பிரிக்க வேண்டாம்.

பெயின்டும் முலாமும்: பச்சை மஞ்சளாகத் தெரியும் அடிப்பூச்சு குரோமேட், புற்றுநோய் தரக்கூடியது. பொன் நிறமாக மின்னும் போல்ட்டுகளில் கட்மியம் முலாம். உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது தற்கொலை வேலை. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், பி100 வடிகட்டி முகமூடி வேண்டும், வழியும் தண்ணீரையும் தனியாகச் சேர்க்க வேண்டும். கான், ஆறு பக்கம் விடாதீர்கள். கீழே ஆட்கள் குடிக்கிற தண்ணீர் அது.

தேயிலைச்சாரல்:

பட்டறை அண்ணன் சொன்னதெல்லாம் முடிந்தபிறகு ஈரத்துக்கு வருவோம். மலைநாடு என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர, மழை ஒரு மாதிரி இல்லை. வட்டவளையில் வருஷத்துக்கு 5,000 மி.மீ.க்கு மேல், அது மேற்குப் பக்கத்துத் தென்மேற்குப் பருவமழை, மே முதல் செப்ரெம்பர் வரை சாய்ந்தடிக்கும். பண்டாரவளை, தியத்தலாவை பக்கம் அதே மாதங்களில் கச்சான் காற்று வறண்டு வீசும். அங்கே மழை ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை. ஆகவே ஹட்டனில் கொட்டகை போட்டால் தென்மேற்கில் சுவர், ஊவாவில் போட்டால் வடகிழக்கில் சுவர். ஒரே வரைபடத்தை எல்லா ஊருக்கும் கொடுக்க முடியாது.

மழையைவிட மோசமானது இரவில் படியும் பனிநீர். காற்று 18 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 15 பாகை. மெல்லிய அலுமினியத் தகடு இரவில் மூன்று பாகை குளிர்ந்தாலே போதும், மேலேயும் உள்ளேயும் வியர்த்துவிடும். உள்ளே வியர்த்தது காய இடமில்லை. பிளாஸ்ரிக் தார்ப்பாயால் இறுக்கி மூடுவதுதான் மக்கள் செய்கிற முதல் உதவி. அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கிறது, காற்றில் உரசிக் கண்ணாடியையும் கீறுகிறது. மூடத்தான் வேண்டுமென்றால் விமானி அறைக்கு மட்டும், காற்றுப் புகும் பருத்தித் துணி.

ஜெட் ப்ரொவோஸ்ட்டின் நீளம் 9.9 மீற்றர், சிறகு விரிவு 11.25 மீற்றர், உயரம் 3.1 மீற்றர். சுற்றி நடக்க இடம் விட்டால் 14 மீற்றருக்கு 13 மீற்றர் தளம், 4.5 மீற்றர் உயரத்தில் கூரை, ஒரு மீற்றருக்குக் குறையாத தாழ்வாரம். தளக் கொங்கிரீட்டுக்குக் கீழே பொலித்தீன் விரிப்பு அவசியம். இல்லாவிட்டால் மண்ணின் ஈரம் மேலேறி வயிற்றுத் தகட்டில் படியும். தளம் போட்டு நன்றாக இறுகிக் காய்ந்தபிறகே விமானத்தை ஏற்றுங்கள். ஈரச் சீமெந்து அலுமினியத்தைத் தின்னும். செம்பு உப்பில் ஊறவைத்த மரக்கட்டையை முட்டுக் கொடுக்காதீர்கள். தோட்ட உரக் களஞ்சியத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், அந்த உப்புத் தூள் மூடுபனியில் கரைந்து தகட்டில் ஒட்டும்.

ஊவாக்காற்று:

மூடிய கட்டடம் கிடைத்தால் ஈரமுறிஞ்சி இயந்திரம் வைக்கலாமா அக்கா?

தேயிலைச்சாரல்:

வைக்கலாம் தம்பி, ஆனால் வகை பார்த்து. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது குளிர்சாதன வகை. நுவரெலியாவின் இரவு வெப்பநிலையில் அதன் சுருளில் பனி கட்டி, வேலை பாதியாகிவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திச் சக்கரம் உள்ள வகைதான் சரி. கண்டி உயரத்தில் குளிர்சாதன வகையே போதும். ஈரப்பதனை 50 வீதத்துக்குக் கீழே பிடித்தால் அலுமினியமும் எஃகும் அமைதியாக இருக்கும். 60 தாண்டினால் அரிப்பு வேகமெடுக்கும். உள்ளே மரமோ துணியோ இருந்தால் 40க்குக் கீழே இறக்காதீர்கள், பிளந்துவிடும்.

கொத்மலைத் துறை:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. கொட்டகைக்குள் ஒளித்து வைத்தால் யார் பார்ப்பார்கள்? தூணில் ஏற்றிப் பறக்கிற பாவனையில் வைத்தால் ரோட்டில் போகும் பிள்ளைக்குக்கூட ஆசை வரும். எத்தனையோ நாட்டில் அப்படித்தானே நிற்கின்றன.

ஹட்டன் பட்டறை:

நிற்கின்றன, உள்ளே உக்கிக்கொண்டு. தூணில் ஏற்ற வேண்டுமென்றால் பாரம் பிரதான சிறகுச் சட்டத்துக்குப் போக வேண்டும். அதற்கு வயிற்றைத் திறந்து எஃகுத் தாங்கி பொருத்துவார்கள். எஃகும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் அரிபடும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத மூலையில். பார்க்க ஏணி வேண்டும், ஏணி வேண்டும் என்றாலே ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

காற்றையும் கணக்குப் பாருங்கள். சிறகுப் பரப்பு ஏறக்குறைய 19.9 சதுர மீற்றர். ஊவாவில் மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் ஒரு வீச்சு வந்து, சிறகு கொஞ்சம் மூக்குத் தூக்கிய நிலையில் இருந்தால், தூக்குவிசை கிட்டத்தட்ட ஒரு தொன். அது ஒரே பக்கம் இழுக்காது. மாறி மாறி உலுக்கும். வெடிப்பு வருவது அந்த உலுக்கலால்.

கொத்மலைத் துறை:

கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் கொட்டகையின் ரோட்டுப் பக்கத்தை முழுக்கத் திறந்து வையுங்கள், சுவர் மழை வரும் பக்கம் மட்டும். பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதை நான் விடமாட்டேன்.

தேயிலைச்சாரல்:

அது நல்ல ஏற்பாடு. வெயில் நேரே விழாத திசையாகப் பாருங்கள். உயரம் 1,000 மீற்றர் கூடினால் புறஊதாக் கதிர் பத்து வீதமளவு கூடும். மேல்கண்ணாடியும் டயரும்தான் முதலில் வெடிக்கும்.

மஸ்கெலியா மேகம்:

பழைய பெயின்டை முழுக்க உரித்துப் புதிதாக அடிப்பதா, அப்படியே விடுவதா?

ஏட்டுக்காரன்:

உரிக்க வேண்டாம். பெயின்ட் அடுக்குகள்தான் அதன் வாழ்க்கைக் குறிப்பு. கைக்கு எட்டாத மூலையில், மூடிக்குக் கீழே, ஒரு சிறு சதுரத்தை நுண்ணிய ஈர உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்தால் ஒவ்வொரு நிறமும் வளையமாகத் தெரியும். அளவுகோலும் வர்ண அட்டையும் வைத்துப் படம் எடுங்கள். பழைய எண் ஒன்று கீழே இருந்து எட்டிப் பார்ப்பதும் உண்டு.

அவசரப் பெயின்டின் விளைவுக்கு ஒரு பாடம்: 2012 இல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் 1942 ஆம் ஆண்டின் கிட்டிஹோக் விமானம் ஒன்று, இ.டி.574, கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. எழுபது வருஷம் மணல் அரித்த அந்த மேற்பரப்பே அரிய சாட்சி. பின்னர் எல் அலமெய்னில் பளபளவென்று, தவறான வர்ணத்தில் பெயின்ட் அடித்து நிறுத்தினார்கள். போனது போனதுதான். மாறாக, 2013 ஜூனில் ஆங்கிலக் கால்வாயில் இருந்து எடுத்த டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானத்தை இங்கிலாந்தின் கொஸ்ஃபோர்டில் பிளாஸ்ரிக் கூடாரத்தில் வைத்து, சிற்றிக் அமிலமும் சோடியம் ஐதரொட்சைட்டும் கலந்த மென்கரைசலைத் தொடர்ந்து தெளித்து, உப்பையும் சிப்பி ஓட்டையும் பொறுமையாக நீக்கினார்கள். பெயின்ட் அடிக்க ஒருவரும் அவசரப்படவில்லை.

ஹட்டன் பட்டறை:

இன்னொரு காரணமும் உண்டு. தகட்டின் மேலே தூய அலுமினியப் படலம் ஒன்று இருக்கிறது, காப்பு அதுதான். மெல்லிய தகட்டில் ஒரு பக்கத்துக்கு மொத்தத் தடிப்பில் 5 வீதம். ஒரு மி.மீ. தகடு என்றால் 0.05 மி.மீ. கிரைண்டர் ஒரு சுற்றுப் போனால் அது இல்லை; பிறகு எத்தனை பூச்சு அடித்தாலும் உள்கலவை அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். நடுநிலைச் சவர்க்காரம், மென்மையான தூரிகை, கீழிருந்து மேலே கழுவி மேலிருந்து கீழே அலசல். அழுத்தத் தண்ணீர் இயந்திரம் வேண்டாம், பொருத்துக்குள் தண்ணீரை ஏற்றிவிடும். எல்லா வடிகால் துளைகளையும் மரக்குச்சியால் திறந்துவிடுங்கள். குளவி மண்ணும் பறவைக் கூடும் அடைத்திருக்கும். புதிதாகத் துளை போட வேண்டாம். வெள்ளைத் தூள் படிந்த இடத்தை நைலோன் தேய்ப்பானால் எடுங்கள். இரும்பு நார் கூடாது. அதன் துகள் ஒட்டி அதுவே புது அரிப்பைத் தொடங்கும். தகட்டின் ஓரம் புத்தகத் தாள் போல அடுக்கடுக்காக விரிந்திருந்தால் அது மேற்பரப்பு அரிப்பு இல்லை, உள்ளே போய்விட்டது. அந்தப் பாகத்தில் பாரம் ஏற்றாதீர்கள். மக்னீசியக் கலவை வார்ப்புகளில், முக்கியமாகச் சக்கரங்களில், இது இன்னும் வேகமாக நடக்கும்.

காய்ந்தபின் உள்குழிகளுக்கு ஏ.சி.எஃப். 50 போன்ற ஊடுருவும் எண்ணெய்க் காப்பு, வருஷம் ஒருமுறை, மழைக் காலத்துக்கு முன்னால். வெளியே நுண்படிக மெழுகு. மேல்கண்ணாடியில் ஸ்பிரிட், அமோனியா எதுவும் படக் கூடாது, மயிர்க்கோடாக வெடித்துவிடும். பாரத்தை டயரில் விடாமல், ஜக் புள்ளிகளுக்குக் கீழே எஃகுத் தாங்கியும் இடையில் கடினப் பிளாஸ்ரிக் தட்டும் வையுங்கள்.

கொத்மலைத் துறை:

கொண்டுவருவது பற்றியும் ஒரு வார்த்தை. சிறகைக் கழற்றினால் உடல் 9.9 மீற்றர்தான். ஆனால் ரம்பொடை வளைவுகளில் நீண்ட ட்ரெயிலரின் பின்பக்கம் உட்பக்கம் வெட்டும், வாலும் மதகும் முட்டும். ஊவாவுக்கு என்றால் பலாங்கொடை, பெரகலை வழியாக வரும் ஏ4 வீதி பரவாயில்லை. வாலைக் கழற்றினால் உயரப் பிரச்சினை தீரும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் எடுத்த துளையின் எண் எழுதிய பையில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு வாளி நிறைய போல்ட் இருந்தால் ஒருவராலும் பூட்ட முடியாது.

மஸ்கெலியா மேகம்:

எங்கள் பக்கம் மக்கள் விமானப் பாகம் என்றாலே 1974 டிசம்பர் 4 இல் சப்தகன்னி மலையில் மோதிய மார்ட்டினெயர் டி.சி.8 ஐத்தான் நினைப்பார்கள். அது பயணிகள் விமானம், 191 உயிர்கள் போன இடம். அதன் துண்டைச் சேகரிப்புப் பொருளாகக் கேட்டு யாரும் இங்கே பதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டுக்காரன்:

முழு உடன்பாடு. போர்க்கால விமானத்தின் சிதைவு எங்கு கிடைத்தாலும் இதே மரியாதைதான். அசைக்காமல் இடத்தைக் குறித்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். மனித எச்சமும் வெடிக்காத தோட்டாவும் இருக்கலாம்.

கடைசியாகக் கண்காணிப்பு ஏடு பற்றி ஊவாக்காற்று தம்பி தனியாகக் கேட்டிருந்தார். ஒரு விமானத்துக்கு ஒரு ஏடு. முதல் பக்கத்தில் தொழிற்சாலை எண், படை எண்கள் எல்லாம், ஒவ்வொன்றும் எங்கே பார்க்கப்பட்டது என்ற குறிப்போடு: தகட்டிலா, காகிதத்திலா, பெயின்டிலா, வாய்ச்சொல்லா. இந்த நான்கையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அடுத்து பாக வரைபடம். அதற்கடுத்து நகர்வுகள்: திகதி, எங்கிருந்து எங்கே, யாருடைய எழுத்து அனுமதி, எது கழற்றப்பட்டு எங்கே போனது. பிறகு வேலைப் பதிவு: எந்தப் பாகத்தில் எந்தப் பொருள், எந்தத் திகதியில் பூசப்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரே இருபது கோணங்களில் படம். நிற்கும் இடத்தைத் தளத்தில் பெயின்டால் குறித்துவிடுங்கள். புதிதாகச் செய்த பாகத்தின் உட்பக்கத்தில் செய்த வருஷத்தை அடித்துவிடுங்கள். ஏட்டின் ஒரு பிரதி விமானத்தோடும் இன்னொன்று வேறு ஊரிலும் இருக்க வேண்டும்.

ஊவாக்காற்று:

ஏட்டின் மாதிரிப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் தயாரித்து இங்கேயே இடுகிறேன். ஈரப்பதன் அளவைக் காலை ஆறு மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் எழுத இரண்டு நிரல் சேர்க்கிறேன். தேயிலைச்சாரல் அக்கா, பனிநிலைக்கு ஒரு நிரல் வேண்டுமா?

தேயிலைச்சாரல்:

வேண்டும். அதோடு வயிற்றுத் தகட்டின் வெப்பநிலைக்கும் ஒன்று போடுங்கள். பனிநிலையைவிட அது கீழே போகும் நாட்கள்தான் நாம் உள்ளே திறந்து பார்க்க வேண்டிய நாட்கள்.